வளைக்குள் இறங்கப் பிறந்த நாய்: டாஷ்ஹவுண்டின் உடலும் குணமும்

பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் பெருமாள்புரத்திலும் தெருவழியே நடந்து போகிறவர்கள், ஏதாவதொரு வீட்டின் இரும்புக் கேட்டுக்கு அடியில் நீண்ட மூக்கொன்று வெளியே வந்து முகர்வதையும், அடுத்த கணமே அந்த மூக்குக்குச் சற்றும் பொருந்தாத கனத்த குரைப்பொலி எழுவதையும் கண்டிருப்பார்கள். கறுப்பில் பழுப்புத் திட்டுகளோ முழுச் செம்பழுப்போ கொண்டு, தரையோடு ஒட்டி நீண்ட உடலும் தொங்கிய காதுகளுமாக நிற்கும் அந்த நாய் டாஷ்ஹவுண்ட். இடம் குறைந்த வீட்டுக்குச் சிறிய நாய் போதும் என்று எண்ணுகிறவர்கள் பொமரேனியன், பக் ஆகியவற்றோடு இதையும் ஒரே வரிசையில் வைத்துத்தான் குட்டி தேடுகிறார்கள். ஆனால் பக் மனிதரோடு உறவாடி இருப்பதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட இனம். டாஷ்ஹவுண்ட் வேட்டைக்கென்று உருவாக்கப்பட்ட இனம். அதன் குட்டைக் கால், நீண்ட முதுகு, பிடிவாதம், குரைப்பு, தோண்டும் பழக்கம், அந்நியரைக் கண்டால் எழும் சீற்றம் ஆகிய அனைத்தும் அந்த ஒரு வேலையிலிருந்தே வந்தவை. வாங்குகிறவர்கள் அந்த வேலையை அறிந்துகொண்டால், பிற்பாடு இந்த நாயைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை எழவே எழா.

வேட்டை நாய் என்றால் நம் பக்கத்து மனிதர்களின் நினைவுக்கு வருவது வேறோர் உருவம். கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்துக் கரிசல் காட்டில் முயலை ஓடிப் பிடித்த சிப்பிப்பாறையும் கன்னியும், அதற்கு வடமேற்கே இராஜபாளையமும் ஏறக்குறைய இரண்டடி உயரமும் ஒட்டிய வயிறும் நெடிய கால்களும் கொண்டவை. கோவில்பட்டி வட்டாரம் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்தது என்பதால், அந்த நாய்களை நெல்லைச் சீமையின் நாய்கள் என்று உரிமையோடு சொல்லலாம். அவை கண்ணால் இரையைக் கண்டு, மரமற்ற வெட்டவெளியில் விரட்டிப் பிடிப்பவை. ஓட்டம் முழுவதும் வளர்த்தவரின் கண்ணெதிரே நடக்கும். டாஷ்ஹவுண்டின் வேட்டை இதற்கு நேர்மாறானது. ஜெர்மனியின் காடுகளில், தரைக்கடியில் வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கை அதன் வளைக்குள்ளேயே சென்று எதிர்கொள்வதற்காக அந்நாட்டு வனக்காவலர்களும் வேட்டைக்காரர்களும் பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்த நாய் இது. வளர்ந்த பேட்ஜர் பத்துக் கிலோவுக்கு மேல் எடையும், மண்ணைப் பிளக்கும் நகங்களும், விட்டுக்கொடுக்காத தாடையும் உடையது. ஏறக்குறைய தன் எடையே உள்ள, சில வேளைகளில் தன்னைவிடக் கனத்த விலங்கை, திரும்பிவர இடமில்லாத இருட்டுக்குழியில் முகத்துக்கு முகம் நின்று குரைத்து மடக்கி வைப்பதும், மேலே இருப்பவர் அந்தக் குரலைக் கேட்டு மண்ணைத் தோண்டி வரும்வரை பின்வாங்காமல் இருப்பதும் இந்த நாயின் கடமை. நரி, முயல் ஆகியவற்றின் வளைகளிலும், அடிபட்டு ஓடிய மானின் குருதித் தடத்தைத் தேடிப் போவதிலும் இதைப் பயன்படுத்தினார்கள். இந்த இனத்துக்கென ஜெர்மனியில் தொடங்கப்பட்ட சங்கம் 1888ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. 1972இல் மியூனிக் ஒலிம்பிக் போட்டிக்கு ‘வால்டி’ என்ற டாஷ்ஹவுண்டையே சின்னமாக வைத்தபோது, விளையாட்டு வீரருக்கு வேண்டிய உறுதி, தாங்கும் திறன், சுறுசுறுப்பு ஆகியவை இந்த நாயிடம் இருப்பதைக் காரணமாகக் காட்டினார்கள்.

இந்த வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு உடலைப் பார்த்தால் ஒவ்வோர் உறுப்பும் விளங்கும். கால் குட்டையாக இருப்பது குறுகிய வளைக்குள் நுழைவதற்காக. ஆனால் நெஞ்சு ஆழமாகவும் முன்புறம் புடைத்தும் இருக்கும். காற்று குறைந்த குழிக்குள் வெகுநேரம் மூச்சு வாங்கிக் குரைக்க வேண்டிய நாய்க்கு நுரையீரலும் இதயமும் பெரிதாக இருந்தாக வேண்டும். முன்பாதங்கள் பின்பாதங்களைவிட அகலமாகவும் வலுவாகவும் இருப்பது மண்ணை வாரித் தள்ளுவதற்கு ஏற்றது. தோல் ஓரளவு நெகிழ்ந்திருக்கும். காது தொங்கி மூடியிருக்கும். முகவாய் நீண்டு, பற்கள் பெரிதாக, கடி உறுதியாக இருக்கும். பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பின் இலக்கணப்படி தோள் உயரம் ஒரு பங்கென்றால் உடல் நீளம் 1.7 முதல் 1.8 பங்கு இருக்கலாம். நெஞ்சுக்கும் தரைக்கும் இடையே உள்ள வெளி, தோள் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவை நம் ஊரில் யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. கால் எவ்வளவு குட்டையோ அவ்வளவு அசல் என்ற எண்ணம் பரவியதால், நெஞ்சு தரையில் உரசும் அளவுக்குத் தாழ்ந்த நாய்களைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட நாய் தெருவோரக் கல்லிலும் நெருஞ்சி முள்ளிலும் அடிவயிற்றைக் கிழித்துக்கொள்ளும். இனத்தின் இலக்கணப்படியும் அது குறையுடைய நாயே.

அளவில் மூன்று வகையும் உரோமத்தில் மூன்று வகையும் உண்டு. ஜெர்மன் மரபில் எடையைவிட மார்புச் சுற்றளவை வைத்தே அளவைப் பிரித்தார்கள், ஏனெனில் வளைக்குள் நுழைய முடியுமா என்பதைத் தீர்மானிப்பது மார்பின் சுற்றளவுதான். பொதுவாகக் காணப்படும் பெரிய வகை ஏழு முதல் பதினான்கு கிலோ வரையும், மினியேச்சர் எனப்படும் சிறுவகை ஐந்து கிலோவை ஒட்டியும், முயல் வளைக்கென வளர்த்த மூன்றாம் வகை அதைவிடச் சிறிதாகவும் இருக்கும். குட்டை உரோமம், நீள உரோமம், கம்பி போன்ற முரட்டு உரோமம் ஆகிய மூன்றில் நம் பக்கம் மிகுதியாக இருப்பது குட்டை உரோம வகை. இந்த வெயிலுக்கு அதுவே பொருத்தமும்கூட.

கால்கள் இப்படிக் குறுகியதன் காரணத்தை 2009இல் மரபணு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எஃப்ஜிஎஃப்4 என்ற வளர்ச்சி மரபணுவின் கூடுதல் படியொன்று (நகல்), நாய்களின் 18ஆம் குரோமோசோமில், அது இருக்க வேண்டிய இடமல்லாத வேறோர் இடத்தில் பதிந்திருக்கிறது. அந்தக் கூடுதல் படி, கால் எலும்புகளின் நுனியிலுள்ள குருத்தெலும்பு வளர்ந்து நீள்வதைத் தடுத்துவிடுகிறது. டாஷ்ஹவுண்ட், பாசெட் ஹவுண்ட், கோர்கி முதலான குட்டைக்கால் இனங்கள் பலவற்றிலும் இதே மாற்றம் இருக்கிறது. 2017இல் அதே மரபணுவின் மற்றொரு படி 12ஆம் குரோமோசோமில் இருப்பதும் தெரியவந்தது. அது காலைக் குறுக்குவதோடு நில்லாமல், முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகளையும் இளமையிலேயே முதுமை அடையச் செய்கிறது. டாஷ்ஹவுண்டுகளில் பெரும்பான்மையானவை இதையும் சுமக்கின்றன. வளைக்குள் செல்ல ஏற்ற உருவத்தையும் முதுகு முறியும் ஆபத்தையும் ஒன்றாகவே மனிதர் தெரிந்தெடுத்துவிட்டார்கள். இதைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குணத்துக்கு வருவோம். தரைக்கடியில் இருக்கும் நாய்க்கு மேலிருந்து கட்டளை இட முடியாது. முன்னேறுவதா, நின்று குரைப்பதா, பக்கவாட்டில் தோண்டுவதா என்பதை இருட்டில் தனியாக அதுவே முடிவு செய்ய வேண்டும். ஆட்டு மந்தையைக் காக்கும் நாய்போல் மனிதனின் முகத்தை நொடிக்கொருமுறை பார்த்து நடந்த நாய்கள் இந்த வேலைக்கு உதவியிருக்கமாட்டா. அஞ்சித் திரும்பியவையும் உதவியிருக்கமாட்டா. தன் முடிவில் நின்றவையே வளர்த்தெடுக்கப்பட்டன. ஆகவே, டாஷ்ஹவுண்டைக் கூப்பிட்டால் அது கேட்டுவிட்டு, நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, தான் முகர்ந்துகொண்டிருந்த இடத்தையே தொடர்ந்து முகர்வதை அறிவுக்குறைவு என்று கொள்ளக் கூடாது. அதற்குச் சொல் புரிகிறது; அந்தச் சொல்லைவிட வாசனை முக்கியமாகப் படுகிறது. அடித்தோ அதட்டியோ இதை மாற்ற முயல்கிறவர்கள் நாயின் நம்பிக்கையை இழப்பார்கள். பிடிவாதம் கூடுமே தவிரக் குறையாது. ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத பயிற்சி, சரியாகச் செய்த அந்த நொடியிலேயே ஒரு சிறு துண்டு அவித்த கோழிக்கறி, வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது ஆகியவை மட்டுமே பலன் தரும். வெளியில் சிறுநீர் கழிக்கப் பழகுவதிலும் இந்த இனம் பிறவற்றைவிட மெதுவானது. மழைக்காலத்தில் ஈரத்தரையில் இறங்கவே மறுக்கும். ஐப்பசி அடைமழையில் குட்டி வாங்குகிறவர்கள் இதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும்.

வீட்டாரிடம் இது காட்டும் ஒட்டுதல் மிக ஆழமானது. பெரும்பாலும் ஒருவரைத் தனக்குரியவராகத் தெரிந்துகொண்டு, அவர் அறைக்கு அறை போகுமிடமெல்லாம் போகும். இரவில் போர்வைக்கடியில் புகுந்து கால்மாட்டில் உறங்கும். போர்வைக்குள் புகுவதும் வளைக்குள் புகுவதின் தொடர்ச்சிதான். கணவனும் மனைவியும் வேலைக்குப் போய், பிள்ளைகள் பள்ளிக்குப் போய், பகல் முழுவதும் பூட்டிய வீட்டில் இந்த நாய் தனியாக இருக்க நேர்ந்தால் ஓயாது குரைக்கும், கதவைப் பிறாண்டும், மெத்தையைக் கிழிக்கும். ஆச்சியோ தாத்தாவோ பகலில் இருக்கும் வீடு இதற்கு ஏற்ற வீடு.

அந்நியர் விஷயத்தில் இது கண்டிப்பான நாய். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முப்பதுக்கு மேற்பட்ட இனங்களின் உரிமையாளர்களிடம் விரிவான வினாக்களைக் கேட்டு 2008இல் வெளியிட்ட ஆய்வில், மனிதரை நோக்கிய சீற்றத்தில் டாஷ்ஹவுண்ட் முன்வரிசையில் நின்றது. ஐந்தில் ஒரு டாஷ்ஹவுண்டாவது அந்நியரைக் கடித்தோ கடிக்க முயன்றோ இருந்தது. சிவாவா, ஜாக் ரஸல் ஆகிய சிறு இனங்களும் அதே வரிசையில் இருந்தன. பெரிய நாய் உறுமினால் உடனே கவலைப்பட்டுக் கட்டுப்படுத்துகிறோம். சிறிய நாய் உறுமினால் சிரித்து, பிள்ளைகளிடம் காட்டி, மறுபடியும் உறுமத் தூண்டுகிறோம். பிறவிக் குணத்தோடு இந்தப் பழக்கமும் சேர்வதால்தான் கடி நேர்கிறது என்பது என் கருத்து. “குட்டி நாய்தான அண்ணாச்சி, கடிக்காதுல்லா?” என்று கேட்டுக்கொண்டே கேட்டைத் தள்ளி உள்ளே வருகிறவரின் கணுக்கால் சரியாக இந்த நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது. குட்டியாக இருக்கும்போதே, மூன்றாவது மாதம் முதல், பால்காரர், தபால்காரர், எரிவாயு உருளை கொண்டுவருபவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எனப் பலரையும் அமைதியான முறையில் அறிமுகப்படுத்திவிட்டால் இந்தச் சீற்றம் பெருமளவு அடங்கும். நாய் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதன் கடியும் நாய்க்கடியே. காயத்தைச் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும், நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டு தவறாமல் போட்டிருக்க வேண்டும்.

இந்த வேட்டைக் குணம் திருநெல்வேலிச் சூழலில் எப்படி வெளிப்படுகிறது என்பது தனியாகச் சொல்லத் தக்கது. தாமிரபரணிப் பாசன ஊர்களில், வீட்டின் பின்புறம் வாழைத்தோட்டமோ வயலோ உள்ள இடங்களில், நம்மவர் பெருக்கான் என்று சொல்லும் பெருச்சாளியின் வளை இல்லாத வரப்பே இல்லை. டாஷ்ஹவுண்ட் அந்த வளையைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்தால் தோள் வரை உள்ளே போகும். எலிகளின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் நாயையும் தாக்கும், நாயிலிருந்து மனிதருக்கும் வரும் என்பதால், அந்நோய்க்கான தடுப்பும் சேர்ந்த ஊசியையே கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். இன்னும் பெரிய ஆபத்து பாம்பு. நாட்டு நாய்களில் பல, பாம்பைக் கண்டால் தள்ளி நின்று குரைத்து ஆளைக் கூப்பிடும். பின்வாங்காமல் இருப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட டாஷ்ஹவுண்ட் கிட்டே போகும். மூக்கை முதலில் நீட்டுவதால் கடியும் முகத்திலேயே விழும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராக இந்தியாவில் தயாரிக்கப்படும் முறிமருந்து நாய்களுக்கும் பயன்படும். முகம் திடீரென வீங்கினாலோ, கண் இமை தொங்கிக் கால் தடுமாறினாலோ வேப்பிலை அரைத்துக்கொண்டிருக்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். உடும்பையும் கீரியையும் இது விரட்ட விடுவது சட்டப்படியும் தவறு. அவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படும் விலங்குகள். தோட்டத்தில் கயிற்றைப் பிடித்தே நடத்துவதும், வேலியின் அடிப்பகுதியில் அரை அடி ஆழத்துக்குக் கல் பதிப்பதும் வழி.

வெயிலைப் பொறுத்தவரை, சப்பை மூக்கால் மூச்சுத் திணறும் பக்கைவிட டாஷ்ஹவுண்ட் நம் ஊருக்கு ஏற்றது. நீண்ட முகவாய் மூச்சைக் குளிர்விக்கப் போதிய பரப்பைத் தருகிறது, குட்டை உரோமம் சூட்டைச் சேர்த்து வைப்பதில்லை. ஆயினும் அதன் வயிறு தார்ச்சாலையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்கூட இல்லை என்பதை மறக்கக் கூடாது. சித்திரை, வைகாசி மாதங்களில் காலை ஏழு மணிக்கு முன்பும் பொழுது சாய்ந்து தரை ஆறிய பின்பும் மட்டுமே நடத்த வேண்டும். புல்லில் உரசி நடக்கும் உடல் என்பதால் உண்ணி எளிதில் ஏறும். அக்குளிலும் காது மடலின் உட்புறத்திலும் விரலிடுக்கிலும் அன்றாடம் தடவிப் பார்க்க வேண்டும்.

இனி முதுகு. முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே அதிர்ச்சியைத் தாங்கும் வட்டுகள் இருக்கின்றன. அவற்றின் உட்பகுதி பிற நாய்களில் வெகுகாலம் கூழ் போல இளகியிருக்கும்; டாஷ்ஹவுண்டில் அது ஓராண்டு வயதுக்குள்ளாகவே குருத்தெலும்பாக மாறி, பிறகு சுண்ணாம்பு படிந்து இறுகத் தொடங்குகிறது. இறுகிய வட்டு அதிர்ச்சியைத் தாங்காது. என்றோ ஒருநாள், சாதாரணமாக எழும்போதுகூட, வெளிவளையம் கிழிந்து உட்பொருள் மேல்நோக்கிப் பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்குகிறது. மார்புப் பகுதியும் இடுப்புப் பகுதியும் சேருமிடத்தில், மூன்று முதல் ஏழு வயதுக்குள் இது மிகுதியாக நேர்கிறது. வாழ்நாளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரையிலான டாஷ்ஹவுண்டுகள் இந்நோய்க்கு ஆளாகின்றன. தூக்கும்போது வீறிட்டுக் கத்துவது, முதுகை வளைத்து நிற்பது, ஏறிப் பழகிய படியில் ஏறத் தயங்குவது ஆகியவை தொடக்கம். பின்னங்கால் பின்னுவதும், பாதத்தை மடக்கித் தேய்த்து நடப்பதும், சிறுநீரை அடக்க முடியாமல் போவதும் அடுத்த நிலை. சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தடவி உருவிவிடுவது நிலைமையை மோசமாக்கும். வீட்டிலிருக்கும் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் மாத்திரைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரையே வாங்கக்கூடியவை. அசையாதபடி கூடையிலோ பலகையிலோ படுக்கவைத்து அன்றைக்கே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். 2012இல் தொடங்கப்பட்டு இராமையன்பட்டியில் இயங்கும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இந்த வட்டாரத்துக்கு வாய்த்த பெரும் பேறு. இலேசான நிலையில், சிறு கூண்டில் நான்கு வாரமேனும் அடைத்து வைக்கும் ஓய்வே முதன்மை மருத்துவம். பின்னங்கால் உணர்வே அற்றுப்போன நாய்க்கு அறுவை சிகிச்சை செய்வதானால், நாள் கடந்தால் பயன் குறையும்.

இதைக் கேட்டு அஞ்சி நாயை நடக்கவே விடாமல் வைத்திருப்பதும் பிழை. பிரிட்டனில் 2015இல் டாஷ்ஹவுண்ட் உரிமையாளர்களிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்த நாய்களிடம் முதுகு நோய் குறைவாகவும், ஓராண்டு நிறைவதற்குள் கருத்தடை செய்யப்பட்டவற்றிடம் கூடுதலாகவும் காணப்பட்டது. தசை வலுவாக இருந்தால் முதுகுக்குத் துணை. தவிர்க்க வேண்டியவை வேறு: உயர்ந்த திண்ணையிலிருந்தும் மோட்டார் சைக்கிள் டாங்கிலிருந்தும் குதிக்க விடுவது, மொட்டைமாடிப் படியில் நாள்முழுதும் ஏறி இறங்க விடுவது, வழுக்கும் டைல்ஸ் தரையில் பந்தெறிந்து திருப்பித் திருப்பி ஓடவைப்பது. பிள்ளைகள் இந்த நாயை அக்குளில் பிடித்துப் பின்பாதி தொங்கத் தூக்குவார்கள். ஒரு கை நெஞ்சுக்கடியிலும் மறுகை பின்தொடைக்கடியிலும் வைத்து, முதுகு தரைக்கு இணையாக இருக்கும்படி தூக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

எடையும் முதுகைச் சார்ந்ததே. ஒன்பது கிலோ நாய்க்கு ஒரு கிலோ கூடுவது, அறுபது கிலோ மனிதருக்கு ஏறக்குறைய ஏழு கிலோ கூடுவதற்கு ஒப்பானது. டாஷ்ஹவுண்ட் எவ்வளவு கொடுத்தாலும் தின்னும், இன்னும் கேட்கும். விரலால் தடவினால் விலா எலும்புகள் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். பிஸ்கட்டும், விருந்தாளி அன்பாகக் கொடுக்கும் அல்வாத் துண்டும் அதற்கு வேண்டா. சின்ன வெங்காயம் போட்ட சாம்பார்ச் சோறு இன்னும் கெடுதல்: வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

குட்டி தெரிந்தெடுக்கும்போது, நிறத்தைப் பார்ப்பதற்கு முன் தாய் தந்தையைப் பார்க்க வேண்டும். அவை நான்கு வயதைக் கடந்தும் முதுகுத் தொல்லையின்றி நடக்கின்றனவா, அந்நியரைக் கண்டு குரைத்த பின் அமைதி அடைகின்றனவா, நெஞ்சுக்கும் தரைக்கும் இடையே கைவிரல்கள் தாராளமாக நுழையும் வெளி இருக்கிறதா என்று பார்த்துக் கேட்க வேண்டும். டென்மார்க், பின்லாந்து போன்ற நாடுகளில் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த வட்டுகளை எண்ணி, எண்ணிக்கை குறைந்த நாய்களையே இனவிருத்திக்கு எடுக்கிறார்கள். கேடு தரும் மரபணு இனம் முழுவதும் பரவிவிட்டதால், அதை ஒரு பரிசோதனையால் களைய முடியாமல் இந்த வழிக்கு வந்திருக்கிறார்கள். நம் ஊரில் குட்டி விற்பவர்களும் இதைச் செய்யத் தடையொன்றும் இல்லை, எக்ஸ்ரே வசதி எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. புள்ளியும் திட்டுமாக அழகாகத் தெரியும் டேப்பிள் நிறக் குட்டி என்றால் இன்னொரு கேள்வியும் சேரும்: தாயும் தந்தையும் இரண்டுமே டேப்பிளா? ஆம் என்றால் அந்த ஈற்றில் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் அந்த மரபணு இரண்டு மடங்காகச் சேரும். அப்படிச் சேர்ந்த குட்டிகள் செவிடாகவோ, கண் வளராமலோ பிறக்கக்கூடும். எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரித்த குட்டியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. நல்ல வித்தில் பிறந்து, எடை கூடாமல் வளர்ந்த டாஷ்ஹவுண்ட் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டு வாழும். அத்தனை ஆண்டும் அதைத் தூக்கவும் நடத்தவும் வீட்டில் ஆள் இருக்குமா என்பதையும் அந்த முதல் நாளிலேயே பேசி முடிவுசெய்துகொள்வது நல்லது.